பீங்கான் நெற்றி

"வண்டிக்கு ஆள் வந்தாச்சு" என்றார் ஸ்ரீநிவாசராகவன், ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே.

சாவித்ரி கரண்டியும் கையுமாக நின்றாள். "எந்த வண்டிக்கு?"

"நம்மாத்துல எத்தனை வண்டி நிக்கறது? ஃபியட்டுக்குத்தான். கீழ்க்கட்டளை முனிரத்தினம் இருக்காரே, வீடு கட்டறச்சே செங்கல் இறக்கினாரே, அவர். விஜயதசமி காலம்பற வந்து எடுத்துண்டு போறேன்னார். நானும் சரின்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவே. அதான் கேக்கலை."

பதில் அவ்வளவு நேர்மையாக இருந்ததால் சண்டை போடக்கூட அவளுக்கு இடமில்லாமல் போயிற்று. ரசத்தை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். அது தட்டை விட்டு வழிந்தது.

செம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களில் கார் வைத்திருந்தது இவர்கள் மட்டும்தான். மூன்றாம் கை ஃபியட். சாம்பல் நிறம். வாசலில் தார்ப்பாய்ப் பந்தலுக்கடியில் நிற்கும்போது யாரும் குறை சொல்ல முடியாது. கிளம்பினால்தான் இருமல். தெருமுனை திரும்பியதும் ஒரு கனைப்பு, ராஜகீழ்ப்பாக்கம் வரும்போது இரண்டு, கேம்ப் ரோட்டை நெருங்கும்போது கக்குவான் வந்த குழந்தையைப் போல உடம்பே குலுங்கும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் தாம்பரம் ரயில்வே கேட்டில், மணி அடிக்கத் தொடங்கிய நேரம் பார்த்து, தண்டவாளத்தின் மேலேயே அது நின்றுவிட்டது. காலேஜ் பிள்ளைகளும் காய்கறிக் கூடைக்காரிகளும் ஓடிவந்து தள்ளினார்கள். அதில் ஒருத்தி கண்ணாடி வழியாகக் குனிந்து, "சாமி, நாங்க தள்றோம், நீ சொகமா உள்ள குந்திகினு கீறியே, எறங்கு சாமி!" என்றாள். அன்றைக்கு ஸ்டீரிங்கை விட்ட கையை ஸ்ரீநிவாசராகவன் மறுபடி அதில் வைக்கவில்லை. ஆபீசுக்கு பீச் ஸ்டேஷன் வரை எலெக்ட்ரிக் டிரெயினில் போய் வந்தார்.

சாவித்ரியின் கதை வேறு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்களுக்கு லைன் கொடுக்கும் டிரங்க் கால் போர்டில் அவளுக்கு வேலை. மாலை ஷிஃப்ட் முடிந்து கடைசி பஸ்ஸில் இறங்கி, நாய்கள் குரைக்கும் தெருவில் நடந்து வரவேண்டும். அவர் டார்ச்சோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பார். ஒருத்தி வேலைக்குப் போய்வர இன்னொருத்தர் காவல் நிற்பதா என்று யோசித்துத்தான் சேலையூரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் தடவையிலேயே லைசென்ஸ் கிடைத்தது. தானே ஓட்டிக்கொண்டு டூட்டிக்குப் போவது, தானே ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவது. இவ்வளவுதான் அவள் ஆசை. வண்டி போய்விட்டால் லைசென்ஸ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்கவேண்டியதுதான்.

அவர் கை அலம்பி வந்ததும் கேட்டாள். "இருமறதுன்னு விக்கறேளா, அந்தக் கூடைக்காரி சொன்னதுக்காக விக்கறேளா?"

"ரெண்டுக்கும்தான்."

"இருமலை நான் நிறுத்திட்டா?"

"நிறுத்து. அப்புறம் பேசிக்கலாம்." அவர் துண்டில் வாய் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பெரிய டாக்டர்!"

மறுநாள் அவள் பானெட்டைத் திறந்தாள். எந்த வண்டி இருமினாலும் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார் என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். டிக்கியில் கிடந்த பிளக் ஸ்பேனரை மாட்டி, தம் பிடித்துத் திருகினாள். முதலில் அசையவே இல்லை. பிறகு 'கிறீச்' என்று ஒரு முனகல். அப்புறம் விரலாலேயே சுற்றி எடுக்க வந்தது.

ஆட்காட்டி விரல் நீளம்கூட இல்லை. ஒரு பாதி வெள்ளைப் பீங்கான், மறுபாதி மரை போட்ட இரும்பு, நுனியில் கொக்கி மாதிரி வளைந்த ஒரு கம்பி. அந்த நுனி முழுக்கக் கரி. நாலையும் எடுத்துச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தாள். டாக்டர் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த நாலு பிள்ளைகள் மாதிரி இருந்தன. நாலு நாக்கும் கண்மையைப் போலக் கறுப்பு. வண்டிக்குள் என்ன நோவு என்று அது வாய் திறந்து சொல்லிவிட்டதைப் போல அவளுக்குத் தோன்றியது. இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"அதெல்லாம் உசத்தி பிளக்காக்கும்" என்றார் கணவர், படியில் நின்று. "ஜி.பி. ரோடுல நானே போய் வாங்கினது. இருக்கறதுலயே உசத்தியானது குடுங்கோன்னேன். நெடுந்தூரம் வேகமாப் போற வண்டிக்குன்னே பண்ணினதாம்."

"நாம எங்க நெடுந்தூரம் போறோம்?"

"பெரிசா நினைக்கணும்டீ."

அதில் ஒன்றைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு டூட்டிக்குப் போகும் வழியில் மேற்குத் தாம்பரத்தில் இறங்கினாள். தசரதன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஆயுத பூஜைக்குக் கழுவி விட்ட தரை இன்னும் காயவில்லை.

"ஃபியட்டுக்கு ஒரு செட் பிளக் வேணும்."

"வண்டி எங்கக்கா ஓடுது?" என்றார் தசரதன்.

"செம்பாக்கத்துலேர்ந்து தாம்பரம். தாம்பரத்துலேர்ந்து செம்பாக்கம்."

"அப்புறம்?"

"மீனம்பாக்கம் ஒரு தடவை."

தசரதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கறுத்த பிளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல பொருள்தான். ஆனா இது குளுந்த பிளக்குக்கா. திருச்சி, மதுரைன்னு மிதிச்சிகினே போற வண்டிக்குப் போடறது. உள்ள சேர்ற சூட்டை உடனே வெளிய அனுப்பிடும். உங்க வண்டி ஓடல, நடந்து போவுது. அதுல இருக்கற சூடே கம்மி, அதையும் இது தொரத்திடுது. கரி எங்க எரியும்? அப்படியே அப்பிக்குது. உங்களுக்கு வேண்டியது சூட்டை வச்சிக்கற பிளக்கு. தன் அழுக்கத் தானே எரிச்சிக்கும்."

"தன் அழுக்கைத் தானே எரிச்சுக்குமா?"

"ஆமாக்கா. பாக்கசொல்லோ பிஸ்கோத்து கலர்ல இருக்கும். அதான் ஆரோக்கியம்."

புது பிளக் நாலும் டப்பாவிலிருந்து வந்தன. பழசுக்கும் புதுசுக்கும் மரை ஒரே நீளம்தானா என்று பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அவளே அளந்து பார்த்தாள். தசரதன் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடின் உடைந்த துண்டு ஒன்றையும் நீட்டினார். "நுனியில கேப் இருக்கு பாருங்க, அதுல இந்த பிளேடு உரசிகினு போவணும். லூசாவும் போவக்கூடாது, மாட்டிக்கவும் கூடாது."

"அவ்வளவு சின்ன இடத்துலயா பொறி பறக்கறது?"

"அந்தச் சந்துலதான்க்கா வண்டியே ஓடுது."

அன்றைக்குப் போர்டில் உட்கார்ந்து கோயமுத்தூருக்கும் திருநெல்வேலிக்கும் வயர்க் கார்டைத் துளையில் சொருகும்போதெல்லாம் அந்தச் சந்துதான் நினைவில் வந்தது. ஒரு பிளேடு கனம். அதற்குள் ஒரு நெருப்பு பிறந்து, நாலு பேரையும் சாமானையும் ஏற்றிய ஒரு இரும்பு வண்டியையே நகர்த்துகிறது. நினைக்க நினைக்க அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்து சீட் அபிதகுஜாம்பாள், "என்ன சாவித்ரி, பெங்களூர் லைனை மதுரைக்குக் குடுக்கறே?" என்று முழங்கையால் இடித்தாள்.

சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களோடு தையல் மிஷின் சக்கரம், அரிவாள்மணை, பிளக் ஸ்பேனர், ஆக்ஸா துண்டு எல்லாம் பூஜையில் ஏறின. புது பிளக் நாலும்தான். ஏறிவிட்டால் மறுநாள் புனர்பூஜை முடிகிற வரை எதையும் தொடக்கூடாது. சாவித்ரி முதல் நாளே கேப் பார்த்து வைத்திருந்தாள்.

பூஜை தொடங்கும் முன் சமையலறையிலிருந்து சுண்டல் கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றாள். ஸ்ரீநிவாசராகவன் பிளக் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மெல்லிய குச்சியால் மிகவும் சிரத்தையாக ஏதோ வரைந்துகொண்டிருந்தார்.

"என்ன பண்றேள்?"

"இதோட நெத்தியைப் பாத்தியா, வெள்ளையா வழவழன்னு எவ்வளவு லட்சணம்! வெறுமனே விடலாமா?"

பீங்கானின் உச்சியிலிருந்து இரும்பு தொடங்கும் இடம் வரை, இரண்டு சந்தனக் கோடுகள். நடுவில், தண்ணீரில் குழைத்த குங்குமத்தால் ஒரு சிவப்புக் கோடு. நாலுக்கும் நாமம். கல்யாணப் பிள்ளைக்குக்கூட அவ்வளவு நேராகப் போட்டிருக்க மாட்டார்கள்.

"விக்கப்போற வண்டிக்கு இவ்வளவு அலங்காரமா?"

"நம்மாத்துலேர்ந்து போறது. மொட்டை நெத்தியோட போகக்கூடாது" என்றார் அவர்.

விஜயதசமி விடியலில் வானம் மூட்டமாக இருந்தது. ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று. மழை வரப்போகிறதா, போகட்டும் என்று விடப்போகிறதா என்று தெரியாத இருட்டு. புனர்பூஜை முடிந்ததும் சாவித்ரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தார்ப்பாய்ப் பந்தலுக்குள் நுழைந்தாள். வயர்கள் நாலும் கலந்துவிடாமல் ஒவ்வொன்றாகத்தான் எடுத்தாள். எந்தக் கார்டு எந்தத் துளைக்கு என்பது அவள் தினமும் செய்கிற வேலைதானே. பிளக்கை முதலில் விரலாலேயே சுற்றி, மரை சரியாக உட்கார்ந்தது என்று விரல் சொன்ன பிறகு ஸ்பேனரைப் போட்டாள். நாமத்தில் கை படாமல் பார்த்துக்கொண்டாள். பூஜையில் வைத்ததை அழிக்க மனம் வரவில்லை.

"ஆச்சா டாக்டர்?" என்றார் அவர், பேப்பரும் கையுமாக.

சாவியைத் திருப்பினாள்.

இருமல் இல்லை. இருமலை விட மோசம். வண்டி நடுங்கியது, ஒரு பக்கமாக உதைத்துக்கொண்டது, பானெட் கம்பி கடகடவென்று ஆடியது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிற மாடு மாதிரி அங்கேயே நின்று குதித்தது.

"முன்னாடியாவது இருமிண்டே போயிண்டிருந்தது" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "விடு சாவித்ரி. இன்னும் கொஞ்ச நாழியில முனிரத்தினம் வந்துடுவார். அவராச்சு, அவர் மெக்கானிக்காச்சு."

அவள் விடவில்லை. என்ஜினை ஓட விட்டே இறங்கி வந்து, பானெட்டுக்கடியில் தலையை நீட்டினாள். வெளி மூட்டமும் பந்தல் நிழலும் சேர்ந்து அங்கே மாலை நேரம் போலிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண் பழகியது.

இன்னும் குனிந்தாள்.

"ஏன்னா... இங்க வாங்கோ. சீக்கிரம் வாங்கோ!"

"என்ன, எண்ணெய் ஒழுகறதா?"

"பேசாதேங்கோ. பாருங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். முதல் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல், உச்சியிலிருந்து அடி வரை, ஊதா நிறத்தில் ஒரு நூல் மினுங்கிற்று. மறைந்தது. மறுபடி மினுங்கிற்று. அப்புறம் மூன்றாவதில். பிறகு நாலாவதில். வானத்தில் மரக்கிளை போல விரிகிற மின்னலைப் பார்த்திருக்கிறார்கள். இங்கே அது சிறு குழந்தையாக, நடக்கப் பழகுகிற மாதிரி, அவர் வரைந்த கோட்டின் மேலேயே, இம்மியும் விலகாமல், நாமத்தில் நடந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"பெருமாளே!" என்று ஸ்ரீநிவாசராகவனின் கைகள் தாமாகக் குவிந்தன.

எத்தனை நேரம் அப்படியே நின்றார்களோ. தலையோடு தலை முட்டிக்கொண்டிருந்ததுகூட இருவருக்கும் தெரியவில்லை.

"இவ்வளவு நாளா இதுக்குள்ள இதுவா இருந்தது?" என்றார் அவர், கோயிலில் பேசுகிற குரலில்.

"இதேதான். நமக்குத் தெரியாம உள்ளயே இருந்தது. இப்போ வழி தப்பி வெளியில வந்துடுத்து." சொல்லும்போதே சாவித்ரிக்குப் புரிந்துவிட்டது. "மழை பெஞ்சா கேபிள் ஜாயின்ட்ல ஈரம் இறங்கும். ஒருத்தர் பேசறது இன்னொருத்தர் லைன்ல கேக்கும். கரெண்டுக்கு ஈரம்னா சுலபமான வழி. இங்கயும் அதுதான். ராத்திரி ஈரக்காத்துல சந்தனம் காயவே இல்லை. உள்ள அந்தச் சந்தைத் தாண்டிக் குதிக்கறதுக்குப் பதிலா, உங்க நாமத்தைப் பிடிச்சுண்டு சுகமா இறங்கிப் போயிடறது!"

"என் நாமமா?"

"மேலேர்ந்து கீழ வரைக்கும் படி கட்டி விட்டிருக்கேளே!"

அவள் ஓடிப்போய் என்ஜினை அணைத்தாள். "துடைக்கணும்."

"விஜயதசமி அன்னிக்கு நாமத்தைத் துடைக்கறதா? நான் மாட்டேன்."

"நீங்க துடைக்க வேண்டாம். அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கோ."

"அபசாரம் சாவித்ரி."

"நெத்தி இதுதான்னு அதைக் கேட்டா முடிவு பண்ணினோம்? இது நெத்தி இல்லைன்னா. தொண்டை. தொண்டையில யாராவது நாமம் போடுவாளா?"

அவர் யோசித்தார். பிறகு திரும்பிக்கொண்டார். பழைய வேஷ்டிக் கிழிசலால் அவள் நாலு பீங்கானையும் சுத்தமாகத் துடைத்தாள். குங்குமம் இரும்பு விளிம்பில் தங்கியிருந்ததை, பிளக்கைக் கழற்றிப் பெட்ரோல் தொட்டு எடுத்து, உலர விட்டு, மறுபடி மாட்டினாள். அதற்குள் அவர் சந்தனப் பேலாக் கிண்ணத்தைக் கொண்டுவந்து பானெட்டின் நடு நெற்றியில் பெரிதாக ஒரு நாமம் போட்டு மனதை ஆற்றிக்கொண்டார்.

சாவியைத் திருப்பினாள்.

ஒரே சுருதி. எங்கும் தட்டாமல், எங்கும் விக்காமல். வண்டி ஓடுகிறதா என்று பானெட்டில் கை வைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. ஸ்ரீநிவாசராகவன் கையை வைத்தார். எடுக்கவில்லை.

"சாவித்ரி" என்றார். அதற்கு மேல் சொல்வதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

முனிரத்தினம் வெள்ளை வேட்டியில் ரோஜா மாலையோடு இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி அஞ்சம்மாள், கை நிறைய எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக. முனிரத்தினம் கேட்டிலேயே நின்று காதைக் கொடுத்தார்.

"இன்னா சார், கியவன்னு சொன்னீங்க? மாப்ள மாரி கீறான்!"

"இன்னிக்குக் காலம்பறதான்..." என்று ஆரம்பித்த ஸ்ரீநிவாசராகவன் சாவித்ரியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"சோக்கா கீது சார். இந்த சத்தத்த கேட்டுட்டு வுட்டுட்டுப் போவ முடியுமா? அஞ்சு, அந்த எலுமிச்சம்பயத்த எடு."

"மொதல்ல ஓட்டிப் பாருய்யா. மாலைய கண்டதும் அவசரம் உனக்கு" என்றாள் அஞ்சம்மாள்.

சாவித்ரி கணவரை ஒதுக்கமாகப் பிடித்தாள். "இருமலை நிறுத்தினா பேசிக்கலாம்னேள்."

"இப்ப எப்படிடீ? மாலையோட வந்து நிக்கறார். நல்ல நாளும் அதுவுமா வாக்கை முழுங்கச் சொல்றியா?" அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. "உள்ள வாங்கோ, சுண்டல் சாப்பிட்டுட்டுப் போய்ப் பாக்கலாம்" என்று வந்தவர்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாவித்ரி என்ஜினை அணைத்தாள். அவளும் வண்டியும் தனியாக நின்றார்கள். பானெட் திறந்தே இருந்தது. மட்கார்டின் மேல் சந்தனப் பேலா.

எவ்வளவு சுலபம்! ஒரே ஒரு பிளக்கில், மேலிருந்து கீழாக ஒரு ஈரக்கோடு. வண்டி நொண்டும். முனிரத்தினம் மாலையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் துடைத்துவிட்டால் வண்டி அவளுடையது. யாரும் எதையும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

விரல் சந்தனத்தில் பதிந்தது. குளிர்ந்திருந்தது. இரண்டாவது வயரைப் பிடித்து இழுத்தாள். வெள்ளைப் பீங்கான் அவளைப் பார்த்தது.

அந்த ஊதா நூல் நினைவுக்கு வந்தது. ஒரு பிளேடு கனத்துச் சந்தில் நொடிக்கு எத்தனையோ முறை தவறாமல் தாவி, யாரும் பார்க்காத இருட்டில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒன்று. வழி தெரிந்தால் நேராகப் போகும், வழி கெடுத்தால் கெட்டுப்போகும், அதற்குச் சூது தெரியாது. காலையில் தானும் அவரும் கைகூப்பி நின்றதை, இப்போது ஒரு பொய்க்குக் கூலியாளாக வைப்பதா?

வயரைத் திரும்ப அழுத்தினாள். 'டக்' என்றது. விரலில் இருந்த சந்தனத்தைத் தன் நெற்றியிலேயே தேய்த்துக்கொண்டு பானெட்டை மூடினாள்.

அவர்கள் வெளியே வந்தபோது அவள் டிரைவர் சீட்டில் இருந்தாள். "நான் ஓட்டறேன்."

முனிரத்தினம் தயங்கினார். "அம்மா ஓட்டுவாங்களா சார்?"

"ஏன், ஓட்டக்கூடாதா?" என்று அஞ்சம்மாள் முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "உங்கப்பன் வூட்டு மாட்டு வண்டிய நான் ஓட்டிகினு வரல? நீ பின்னாடி குந்து."

ஆண்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். மாலை முனிரத்தினத்தின் மடியில்.

தெருமுனையில் கனைப்பு இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்திலும் இல்லை. கேம்ப் ரோடு திருப்பத்தில் மூன்றாவது கியருக்கு மாற்றினாள். வண்டி வெண்ணெயில் இறங்கிய கத்தி போலப் போயிற்று. "அடேயப்பா" என்றாள் அஞ்சம்மாள். "இன்னா கை உங்க கை!" கிழக்குத் தாம்பரம் நெருங்க நெருங்க ஸ்ரீநிவாசராகவன் முன் சீட்டின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது கண்ணாடியில் தெரிந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் சைக்கிள்கள், லாரிகள், கூடைகள். சாவித்ரி முதல் வரிசையில் நிறுத்தினாள்.

"ஆஃப் பண்ணிடும்மா" என்றார் முனிரத்தினம்.

"வேண்டாம். ஓடட்டும்."

எல்லா வண்டிகளும் அணைந்துவிட்ட அமைதியில் ஃபியட்டின் மூச்சு மட்டும் கேட்டது. நிற்கும் நேரத்தில்தான் அது எப்போதும் சாகும். எலெக்ட்ரிக் டிரெயின் ஒன்று தடதடவென்று கடந்தது. அந்தச் சத்தத்தில் என்ஜின் சத்தம் முழுகிப்போனபோது, நின்றுவிட்டதோ என்று அவளே குனிந்து காதைக் கொடுத்தாள். கடைசிப் பெட்டி போனதும் அது மறுபடி கேட்டது. அதே சுருதி.

கேட் உயர்ந்தது. முதல் தண்டவாளம், இரண்டாவது, மூன்றாவது. அன்றைக்கு நின்ற அதே இடம். முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது. மேற்குத் தாம்பரம் வந்துவிட்டது.

"சாவித்ரி" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "ஓரமா நிறுத்து."

தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினாள். அவர் இறங்கி, முனிரத்தினம் பக்கக் கதவைத் திறந்து, கைகட்டி நின்றார்.

"முனிரத்தினம், நான் வாக்குக் குடுத்தது நிஜம். ஆனா இவளைக் கேக்காம குடுத்தது, அது என் வாக்கா மட்டும் இருந்துடுத்து. இந்த வண்டியை நான் குடுக்கறதுக்கில்லை. என்னை மன்னிக்கணும்."

"இன்னா சார் இது?" முனிரத்தினத்தின் முகம் சிவந்தது. "மால வாங்கிகினு வந்துகீறேன். ஊரெல்லாம் கார் வருதுன்னு சொல்லிகீறேன். வண்டி நல்லா கீதுன்னு தெரிஞ்சதும் பேச்ச மாத்தறீங்களா?"

"அவர் மேல தப்பில்லை" என்று சாவித்ரி இறங்கி வந்தாள். "வண்டி காலம்பற வரைக்கும் நல்லா இல்லை. பிளக்கை மாத்தினது நான்." ஒன்று விடாமல் சொன்னாள். கறுத்த நாக்குகள், நாமம், ஊதா மின்னல், துடைத்தது எல்லாம். சந்தனத்தில் விரல் வைத்ததையும் சொன்னாள். "உங்களை ஏமாத்தப் பாத்தேன். முடியலை."

முனிரத்தினம் அவள் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தார். பிறகு வாய் கோணிற்று. பிறகு வயிறு குலுங்கிற்று.

"அட சார்! எங்க வூடா இருந்தா இந்த பேஜாரே இல்ல. நாங்க விபூதிப் பட்டை போட்டிருப்போம். படுக்க வச்ச கோடு, தாண்ட முடியாது. உங்களது நட்டு வச்ச கோடு, ஏணி மாரி எறங்கிடிச்சி!"

ஸ்ரீநிவாசராகவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த வருஷம் பட்டையே போடறேன், போங்கோ."

"சிரிச்சது போதும்" என்றாள் அஞ்சம்மாள். அவள் சாவித்ரியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் கரி. "யோவ், ஊர்ல வேற காரே இல்லியா? இந்தக் கைய வுட்டுட்டு வண்டிய மட்டும் இஸ்துகினு போனா அது உங்கிட்ட ஓடுமா? மூடிய தொறக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது" என்று முனிரத்தினம் ஒத்துக்கொண்டார். "சார் கைல கேட்டேன். அம்மா கைல கேக்காம போனது என் தப்பு." மாலையைத் தூக்கிப் பார்த்தார். "இது இந்த வண்டிக்குன்னு வாங்கினது. இதுக்கே போட்டுடறேன்."

அவர் மாலையைப் பானெட்டில் சாத்தும்போது அஞ்சம்மாள் சாவித்ரியின் காதருகே வந்தாள். "அக்கா, அந்த மின்னல்... எனக்குக் காட்டுவியா?"

"இங்கயா?"

"இங்கதான். மானம் மூடிகினுதான் கீது."

சாவித்ரி மாலையோடு பானெட்டைத் திறந்து, டூல் பையிலிருந்து பழைய பிளக் ஒன்றை எடுத்தாள். கரியைத் துடைத்து, முதல் வயரைக் கழற்றி அதில் மாட்டி, இரும்புப் பக்கம் என்ஜினைத் தொடும்படி வைத்தாள். உலர்ந்த துணியைச் சுற்றி வயரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, நீங்க போய் உக்காருங்கோ. சாவியைத் திருப்பி உடனே விட்டுடுங்கோ."

அவர் நின்றார். ஆடி மாதத்துக்குப் பிறகு அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததில்லை. சாலையில் கூடைக்காரி ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். அவள் போகட்டும் என்றுகூடக் காத்திருக்காமல் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

மூன்று தலைகள் பானெட்டுக்கடியில் குனிந்தன. அஞ்சம்மாள் முந்தானையை விரித்து வெளிச்சத்தை மறைத்தாள்.

"திருப்பலாமா?" என்று குரல் வந்தது.

"திருப்புங்கோ."

'டிக், டிக், டிக்' என்று, பிளேடு கனத்துச் சந்தில், நீலமாக ஒன்று பிறந்து பிறந்து மறைந்தது.

அஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். முனிரத்தினம் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"இத்துனூண்டா?" என்றாள் அஞ்சம்மாள், கிசுகிசுப்பாக.

"இத்தனூண்டுதான்."

"இதுவா நம்ம நாலு பேரையும் இட்டுகினு வந்துச்சி?"

"சாவித்ரி!" என்று சீட்டிலிருந்து ஸ்ரீநிவாசராகவன் கத்தினார். "தெரியறதா?"

"தெரியறது! இன்னொரு தடவை திருப்புங்கோ!"